கட்டுமிதவையும் குறிமிதவையும்: பெரியாற்று நீர்த்தேக்கத்தின் படகுவழி வரலாறு

முன்னுரை

நீரில் செல்லும் கலத்திற்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்குரிய பிணைப்பு. மற்றொன்று, செல்ல வேண்டிய வழியைக் காட்டும் குறி. இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்ய மனிதன் கண்ட கருவிகளுள் மிதவை குறிப்பிடத்தக்கது. படகைக் கட்டுவதற்காக நீரடிக் கல்லோடு இணைத்து மிதக்கவிடப்படுவது கட்டுமிதவை. வழியையும் இடரையும் உணர்த்த மிதக்கவிடப்படுவது குறிமிதவை. கடற்கரை ஊர்களில் இவ்விரண்டையும் 'போயா' என்றே வழங்குகின்றனர்.

மிதவை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கடலையும் துறைமுகத்தையும் சார்ந்தவை. மலைமேல் அமைந்த நீர்த்தேக்கங்களில் அதன் நிலை என்ன என்பது அதிகம் கவனிக்கப்படவில்லை. கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த பெரியாற்று நீர்த்தேக்கத்தை முதன்மையாகவும், பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தை ஒப்புநோக்கவும் கொண்டு, மிதவையைத் தேர்வதில் நீர்மட்ட வரலாறு பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

'மிதவை' என்னும் சொல் சங்கப் பாடல்களில் கூழ் முதலிய உணவைக் குறித்தது. மிதத்தல் தொழிலின் அடிப்படையில் தெப்பத்தையும் மிதக்கும் பிற பொருள்களையும் குறிக்கும் வழக்கும் தமிழில் உண்டு. நீரைக் கடக்க உதவும் தெப்பத்திற்குச் சங்க இலக்கியம் 'புணை' என்னும் சொல்லையே பெரிதும் ஆள்கிறது. 'நங்கூரம்' பாரசீகத்தின் 'லங்கர்' என்னும் சொல்லோடு தொடர்புடையதென்பர். 'போயா' ஐரோப்பியக் கடலோடிகளின் வருகைக்குப்பின் வழக்கில் புகுந்த சொல். கருவிகளின் பெயர்களில் அயற்சொற்கள் கலந்திருப்பது, இத்தொழில் பல நாட்டுக் கடலோடிகளின் கூட்டறிவால் வளர்ந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஆயினும் பிணைத்தல், குறித்தல் என்னும் இரு செயல்களும் தமிழர்க்குப் புதியன அல்ல. உப்பு விற்று நெல்லேற்றி வந்த படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப்போலக் கழிக்கரையில் வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கடலில் செல்லும் கலங்கள் திசையறிந்து வருவதற்காக உயர்ந்த மாடத்தில் இரவில் விளக்கேற்றிய செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. இவ்விரு நூல்களையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் ஒரே புலவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கலத்தைக் கட்டும் முளையும், கலத்திற்கு வழிகாட்டும் ஒளியும் ஒரே நெய்தல் வாழ்வின் இரு கூறுகளாக அப்புலவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

நீரடியில் எடையை இட்டுக் கலத்தை நிறுத்தும் முறையும் மிகப் பழையது. குசராத்தின் துவாரகைக் கடற்பகுதியில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் மேற்கொண்ட ஆய்வுகளில் துளையிடப்பட்ட கல்நங்கூரங்கள் பல கிடைத்துள்ளன. இன்று கட்டுமிதவையின் அடியில் இடப்படும் சிமெந்துக் கட்டி அக்கல்நங்கூரத்தின் வழித்தோன்றல் எனலாம்.

ஏரி பிறந்த வரலாறு

பெரியாற்று நீர்த்தேக்கம் இயற்கை ஏரியன்று. திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசின் இந்தியச் செயலருக்கும் இடையே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கையின் அடிப்படையில், மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் நிறைவுற்றது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

அணை எழுந்தபோது பள்ளத்தாக்கில் நின்ற காடு நீரில் மூழ்கியது. மேட்டு நிலங்கள் தீவுகளாயின. ஓடைகள் ஏரியின் கைகளாயின. தேக்கடியிலிருந்து அணைக்குச் செல்ல நீர்வழியே இயல்பான வழியாயிற்று. அணையைப் பார்வையிடும் பொறியாளர்களும் பணியாளர்களும் படகிலேயே சென்றனர். பின்னர் இடப்பாளையத்தில் அமைந்த திருவிதாங்கூர் அரசரின் ஓய்வுமாளிகைக்கும் படகே ஊர்தியாயிற்று. 1950இல் பெரியாறு வனவிலங்குப் புகலிடம் உருவானது. 1978இல் அது புலிகள் காப்பகமாயிற்று. கரையில் நீரருந்த வரும் யானைகளையும் காட்டெருமைகளையும் படகிலிருந்தே காணலாம் என்பதால் சுற்றுலாப் படகுகள் பெருகின. பணிக்காகச் சிலர் சென்ற நீர்வழியில் பொழுதுபோக்கிற்காகப் பலர் செல்லலாயினர். நீர்வழியின் பயன் மாறியபோது அதன் பாதுகாப்புத் தேவையும் மாறியது.

முதற்குறிகள்: மூழ்கிய மரங்கள்

இவ்வேரியைக் கண்டவர் எவரும் மறவாத காட்சி, நீரின் மேல் கருத்த தலை நீட்டி நிற்கும் பட்டமரங்கள். அவற்றின்மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகுலர்த்தி அமர்ந்திருக்கும். ஒளிப்படக் கலைஞர்க்கு அழகாக விளங்கும் இம்மரங்கள் படகோட்டுவோர்க்குக் குறிகளாக விளங்குகின்றன. மரம் நிற்குமிடம் பழைய கரை அல்லது மேடு. மரமற்ற இடைவெளி ஆழமான வழி. எவரும் விலைகொடுத்து வாங்காத, எவரும் நிறுவாத குறிமிதவைகள் இவை.

ஆனால் இக்குறிக்கு ஒரு குறையுண்டு. மரத்தின் இற்றுப்போதல் எல்லாப் பகுதியிலும் ஒரே விரைவில் நடைபெறுவதில்லை. எப்பொழுதும் நீருக்குள் இருக்கும் பகுதி காற்றுத் தொடர்பு குன்றியதால் நெடுங்காலம் கெடாது நிற்கும். நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி வரும் மேற்பகுதியோ விரைவில் இற்று ஒடியும். காலம் செல்லச்செல்லக் கண்ணுக்குத் தெரியும் தலை அழிகிறது. படகின் அடியைக் கிழிக்கவல்ல உடல் நீருக்குள் நிலைக்கிறது. குறி மறைந்து இடர் எஞ்சுகிறது. செயற்கைக் குறிமிதவைக்கு இவ்வேரியில் உள்ள தேவையை இவ்வொரு செய்தியே நிறுவப் போதுமானது.

நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வு இக்குறையை மேலும் சிக்கலாக்குகிறது. அணையின் பாதுகாப்புப் பற்றிய ஐயங்களையொட்டி 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 142 அடி வரை உயர்த்த இசைவளித்தது. கேரளச் சட்டத்திருத்தத்தால் எழுந்த வழக்கு 2014 மே 7ஆம் நாள் தீர்ப்புப் பெற்றபின், அவ்வாண்டு நவம்பரில் நீர் மீண்டும் 142 அடியைத் தொட்டது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் படகோட்டும் தொழிலுக்கு வந்தவர்களின் அறிவு 136 அடி எல்லைக்குள் உருவானது. அந்த எல்லையில் தலை தெரிந்த கட்டை, மேலும் 6 அடி நீர் ஏறும்போது தெரியாமற்போகும். கரையோரத்தில் நிலமாக இருந்த பகுதியும் நீர்வழியாகத் தோற்றமளிக்கும். இரு மாநிலங்களுக்கிடையிலான வழக்கின் ஒவ்வொரு தீர்ப்பும், அவ்வழக்கில் இடம்பெறாத படகோட்டியின் வழியையும் மாற்றியிருக்கிறது.

நீர்மட்டமும் சங்கிலியின் நீளமும்

கட்டுமிதவையின் உறுப்புகள் நான்கு: அடியில் கிடக்கும் எடை, அதிலிருந்து எழும் சங்கிலி, சங்கிலி முறுக்கேறாமல் காக்கும் சுழல்வளையம், மேலே மிதக்கும் மிதவை. கடல் துறைகளில் நீர் நாளுக்கு இருமுறை ஏறியிறங்கினாலும் தமிழகக் கடற்கரையில் அவ்வேறுபாடு சிறிதே. பெரியாற்று நீர்த்தேக்கத்தின் நிலை வேறு. வைகைப் படுகைக்கு நீர் திறக்கும் வழியின் அடிமட்டம் 104 அடி. உச்சவரம்பு 142 அடி. இவற்றுக்கிடையிலான 38 அடி, ஏறத்தாழ 11.6 மீட்டர், ஆண்டின் பருவங்களுக்கேற்ப நீர் ஏறியிறங்கக்கூடிய இடைவெளியாகும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 104 அடி மட்டத்தில் 3 மீட்டர் ஆழமுள்ள ஓரிடத்தில், 142 அடி மட்டத்தில் ஆழம் 14.6 மீட்டராகும். ஆங்கு 16 மீட்டர்ச் சங்கிலியோடு ஒரு மிதவையை நிறுவுவதாகக் கொள்வோம். ஏரி நிறைந்திருக்கும்போது சங்கிலி முழுதும் இழுபட்டால் மிதவை தன் அடியெடையிலிருந்து ஏறத்தாழ 6.5 மீட்டர் மட்டுமே விலகும். ஏரி வற்றியிருக்கும்போது அவ்விலகல் 15.7 மீட்டராகும். காற்றின் திசைக்கேற்ப மிதவை உலவும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6 மடங்காகிறது. நிறைந்த ஏரியில் பாதுகாப்பாக நின்ற படகு, வற்றிய ஏரியில் கரையிலோ கட்டையிலோ மோதும் நிலை இவ்வாறு உண்டாகிறது.

எடைக் கணக்கும் கருதத்தக்கது. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ எடையுள்ளது. நீருக்குள் அது சுமார் 1.9 கிலோவாகக் குறையும். நீர் 38 அடி ஏறும்போது தரையில் கிடந்த சங்கிலியில் மேலும் 11.6 மீட்டர் தூக்கப்படும். அதனால் மிதவை தாங்கவேண்டிய சுமை 22 கிலோ கூடும். மூழ்கிய ஒவ்வொரு லிட்டர் கனஅளவும் ஏறத்தாழ ஒரு கிலோ சுமையைத் தாங்கும் என்பதால், வற்றிய காலத்தில் பொருத்தமாகத் தோன்றிய சிறு மிதவை மழைக்காலத்தில் நீருக்குள் அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த மிதவை படகைக் காப்பதில்லை. தானே ஓர் இடராகிறது.

அடியெடையிலும் இத்தகைய கணக்குண்டு. நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு தன் எடையை இழக்கும். அதனால் சிமெந்துக் கட்டி தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழக்கிறது. இரும்போ எட்டில் ஒரு பங்கே இழக்கிறது. கரையில் 100 கிலோவாக நிறுக்கப்பட்ட சிமெந்துக் கட்டி ஏரியடியில் 60 கிலோவுக்கும் குறைந்த பணியையே செய்யும். கரைநிறுவையை நம்பி வாங்குவோர் ஏமாறுமிடம் இது.

பரம்பிக்குளம் தரும் பாடம்

நீர்மட்டம் பருவத்தால் மட்டுமே மாறும் என்று கொள்வதும் பொருந்தாது. பாலக்காடு மாவட்டத்தில் அமைந்து, தமிழகத்தால் இயக்கப்பெறும் பரம்பிக்குளம் அணை இதற்குச் சான்று. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29ஆம் நாள் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செயற்படுவதாக அமைந்தது. முல்லைப்பெரியாற்றின் குத்தகைத்தொகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தி, ஏரியின் மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்த துணை உடன்படிக்கையும் அதே நாளில் செய்யப்பட்டதே. எல்லையின் இரு நீர்த்தேக்கங்களும் ஒரே நாளின் எழுத்தால் கட்டுண்டவை.

2022 செப்டம்பர் 21ஆம் நாள் அதிகாலையில், பரம்பிக்குளம் அணை நிறைந்திருந்த நிலையில், அதன் மதகுக்கதவு ஒன்று உடைந்து அடித்துச்செல்லப்பட்டது. கதவோடு பொருந்திய எதிரெடையின் சங்கிலி அறுந்ததே காரணமென அப்பொழுது கூறப்பட்டது. கதவின் அடிமட்டம் வரையுள்ள நீர் சில நாட்களில் வெளியேறியது. பருவங்கள் செய்யும் மாற்றத்தை ஒரு சங்கிலியின் முறிவு சில நாட்களில் செய்துவிட்டது. மூங்கில் தெப்பங்கள் சுற்றுலாவுக்குப் பயன்படும் இத்தகைய நீர்த்தேக்கத்தில், நீரின் விரைந்த இறக்கத்தையும் தாங்கும் பிணைப்பே ஏற்புடையது. மிதவையின் கண் வழியாகச் சங்கிலி ஓடி, மறுமுனையில் ஓர் எடை தொங்கும் அமைப்பு இதற்கு உதவும். நீர் இறங்கும்போது எடை தாழ்ந்து தளர்ச்சியை இழுத்துக்கொள்ளும். நீர் ஏறும்போது எடை உயர்ந்து சங்கிலிக்கு இடங்கொடுக்கும்.

மூங்கில் இங்குப் புதிதன்று. தேக்கடியில் வாழும் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர் மூங்கில் தெப்பத்தை நன்கறிந்தவர்கள். கணுக்களால் அடைக்கப்பட்ட மூங்கிலின் ஒவ்வோர் அறையும் தனித்தனி மிதவை. ஓர் அறை உடைந்தாலும் பிற அறைகள் தாங்கும். மலையாளத்தில் தெப்பத்திற்கு வழங்கும் 'சங்ஙாடம்' என்னும் சொல்லையும், கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் தமிழகக் கரையில் குறிப்பிடும் 'சங்கரா' என்னும் கலப்பெயரையும் அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். அறை அறையாகப் பிரித்து மிதப்பைக் காக்கும் மூங்கிலின் நுட்பம், இன்றைய மிதவையைத் தேர்வதற்கும் அளவுகோலாகத் தக்கது.

தேர்வும் பெறும் வழியும்

தொடக்கக் காலத்தில் மரப்பீப்பாய்களும் தக்கைகளும், பின்னர் இரும்புத்தகட்டு மிதவைகளும் பயன்பட்டன. இன்று பெரிதும் வழக்கிலுள்ளது, பாலித்தீனைச் சுழல்வார்ப்பு முறையில் வார்த்து உள்ளே நுரையடைத்த மிதவை. வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் தண்ணீர்த்தொட்டியை வார்க்கும் முறையும் இதுவே. எனவே கடல்மிதவையை வெளிநாட்டிலிருந்து பெறவேண்டிய தேவை இல்லை. வாங்குவோர் கேட்டறிய வேண்டியவை மூன்று: உள்ளே மூடிய நுரை உண்டா, வெயிலைத் தாங்கும் சேர்மம் கலந்துள்ளதா, சங்கிலியின் இழுப்பு நெகிழிச்சுவரின்மேல் விழாமல் நடுத்தண்டின் வழியே செல்கிறதா என்பன.

செலவு கருதி எண்ணெய்ப் பீப்பாய், பழைய நெகிழிக்கலம், தெர்மாகோல் ஆகியவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் பல நீர்நிலைகளில் உண்டு. 200 லிட்டர்ப் பீப்பாய் தொடக்கத்தில் நன்கு மிதக்கும். துருப்பிடித்து ஓர் ஊசித்துளை விழுந்தால் முழுதும் மூழ்கும். மூங்கிலுக்குள்ள அறைப்பிரிவு அதற்கில்லை. தெர்மாகோல் பொடிந்து மீனுக்கும் பறவைக்கும் இரையோடு சேரும். புலிகள் காப்பகத்தின் நடுவே கிடக்கும் நீர் இது என்பதை மறத்தலாகாது. யானைகள் ஏரியை நீந்திக் கடக்கின்றன. நீர்நாய்கள் கூட்டமாக வாழ்கின்றன. தளர்ந்து மிதக்கும் நைலான் கயிறு அவற்றைச் சிக்கவைக்கும். ஆதலின் தன் எடையால் தாழ்ந்து கிடக்கும் சங்கிலியே இங்குப் பொருந்தும்.

நிறமும் சட்டமும்

குறிமிதவையின் நிறம் ஒரு மொழி. 1970களில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவைக்குறி முறைகள் வழக்கிலிருந்தன. அவற்றை ஒருங்கிணைக்கும் முயற்சியின் பயனாகப் பன்னாட்டுக் கலங்கரை விளக்க அமைப்பின் பொதுமுறை உருவாயிற்று. இந்தியா அதன் 'ஏ' மண்டலத்தைச் சார்ந்தது. இம்மண்டலத்தில் கடலிலிருந்து துறைக்குள் நுழையும்போது இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் இருத்தல் வேண்டும். சுற்றிலும் ஆழமிருக்க நடுவே தனித்து நிற்கும் இடரைக் கருப்பின்மேல் சிவப்புப் பட்டையிட்டுக் காட்டுவர். மூழ்கிய மரக்கட்டைக்குரிய குறி இதுவே.

ஏரிக்குக் கடலும் இல்லை, துறைநுழைவும் இல்லை. எனவே எது இடம், எது வலம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். தேக்கடிப் படகுத்துறையிலிருந்து அணையை நோக்கிய செலவை நுழைவாகக் கொள்ளலாம். அவ்வரையறை படகோட்டுவோர் அனைவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். சட்டத்தின் நிலையும் இவ்வாறே இடைவெளி உடையது. 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்தின் இடத்தில் 2021இல் கடல்வழித் துணைக்கருவிகள் சட்டம் வந்தது, அது கடலுக்குரியது. 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் இடத்தில் அதே ஆண்டில் புதிய சட்டம் வந்தது. அது பெரிதும் கலத்தின் பதிவையும் தகுதியையும் ஓட்டுநரையும் பற்றியது. பெரியாற்று நீர்த்தேக்கத்திலோ நீரின் அளவை ஆள்வது ஒரு மாநிலம். காட்டையும் சுற்றுலாவையும் ஆள்வது மற்றொரு மாநிலம். கட்டையைக் குறிப்பது எவர் பொறுப்பு என்னும் வினா இவ்விரண்டுக்கும் நடுவே மிதக்கிறது.

இவ்வினா வெறும் ஆட்சியியல் வினாவன்று. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை இவ்வேரியில் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்து மிதவையின்மையால் நேர்ந்ததன்று. படகின் நிலைப்பும் ஏறியோரின் எண்ணிக்கையும் ஒருபக்கச் சாய்வுமே அதில் பேசப்பட்டன. அதனை மிதவைக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று. ஆனால் ஓர் இடர் நேர்ந்தபின்னரே அதற்குரிய விதி வலுப்பெறும் வழக்கத்திற்கு அது சான்றாகிறது. மூழ்கிய கட்டையின் இடர் இன்னும் அத்தகைய ஒரு நாளைக் காணாதிருக்கும்போதே கருதப்படுதல் நலம்.

நிறைவுரை

மலை நீர்த்தேக்கத்தில் மிதவையின் தேர்வு விலைப்பட்டியலிலிருந்து தொடங்குவதன்று. நீர்மட்டப் பதிவேட்டிலிருந்து தொடங்குவது என்பது இதுகாறும் கண்டவற்றால் புலனாகும். சங்கிலியின் நீளம், மிதவையின் கொள்ளளவு, அடியெடை, குறி நிற்கவேண்டிய இடம் ஆகிய அனைத்தும் 104 அடிக்கும் 142 அடிக்கும் இடையிலான வரலாற்றால் உறுதியாகின்றன.

அணையின் நீர்மட்டம் நாள்தோறும் அடிக்கணக்கில் பதிவாகிறது. அதே அளவுகோலில் ஒவ்வொரு மூழ்கிய கட்டையின் தலைமட்டத்தையும் பதிந்துவைப்பது அரிய செயலன்று. நீர் வற்றிய கோடையில் அக்கட்டைகள் தாமே வெளிப்பட்டு நிற்கும். நீர் அவற்றின் தலையைத் தொடும் நாளின் அணைமட்டமே அவற்றின் அளவாகும். ஒரு கட்டையின் தலை 134 அடியில் உள்ளதெனின், 133 அடியில் அது கண்ணுக்குத் தெரியும். 142 அடியில் 8 அடி ஆழத்தில் கிடந்து பெரும்பாலான படகுகளுக்குத் தீங்கு செய்யாது. 134 முதல் 138 அடி வரை நீர் நிற்கும் நாட்களே அதன் கொடிய நாட்கள். குறிமிதவை அங்குக் கட்டாயம் நிற்க வேண்டிய நாட்களும் அவையே. இத்தகைய பதிவேடு ஒன்று இருப்பின், காலையில் நீர்மட்டத்தைக் கேட்கும் படகோட்டி அன்றைக்கு எந்தக் கட்டை பகை, எந்தக் கட்டை நட்பு என்று ஒரு கழித்தற்கணக்கால் அறிந்துகொள்வான். வேளாண்மைக்கும் வழக்கிற்கும் இதுவரை பயன்பட்ட அணைமட்ட எண், படகில் ஏறும் உயிர்களுக்கும் பயன்படுவதாகும்.